லாரிக்கு வெளி டர்போ மாட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் லோடு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு முக்கி முக்கி ஏறினால், "டர்போ போச்சு அண்ணாச்சி, மாத்திருங்க" என்று உடனே சொல்லிவிடுவார்கள். டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். கம்பெனி டர்போ விலை கட்டுப்படியாகாதவர்கள் வெளி டர்போ, அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத மற்றவர்கள் தயாரித்த டர்போ போடலாம், தப்பில்லை. ஆனால் பழையது எதனால் போனது என்று தெரியாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

வாங்கும்போது பழைய டர்போவின் தகட்டில் உள்ள பார்ட் நம்பரை ஒத்துப்பாருங்கள். கூடுதல் இழுவைக்காகப் பெரிய டர்போ வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, இன்ஜின் சூடும் ஏறும். டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டி என்றால் ஸ்கேனர் வைத்திருக்கிற பட்டறைக்கே போங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் பழையதைக் கழற்றுங்கள். கம்ப்ரஸரின் (காற்றை அழுத்தும் பக்கத்துச் சக்கரம்) இறக்கை நுனி மடங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக ஏதோ உள்ளே போயிருக்கிறது. சக்கரங்களை இணைக்கும் தண்டு கருகியிருந்தால் ஆயில் வரவில்லை. தண்டில் கோடுகோடாகக் கீறல் இருந்தால் ஆயில் அழுக்கு. இந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும், அதுவும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு, அதனால் சில நொடி ஆயில் இல்லையென்றாலே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிடும்.

அடுத்து, பலரும் தாண்டிப்போகிற வேலை. இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிது போடுங்கள். டர்போவுக்கு ஆயில் போகும் சின்னப் பைப்பின் உள்ளே கரி அடைத்திருக்கும், கழுவுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த இறக்கைத் துண்டுகளையும் முழுசாக வெளியேற்றுங்கள். ஒரு துண்டு மிஞ்சினாலும் நேராக இன்ஜினுக்குள் போகும்.

மாட்டும்போது எல்லா கேஸ்கட்டும் புதிது. ஆயில் பைப் வாயில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது, அது பிய்ந்து ஆயில் வழியை அடைக்கும். டர்போவை இன்ஜினின் புகைக்குழாயோடு (மேனிஃபோல்டு) சேர்க்கும் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டர்போவிலிருந்து ஆயில் இன்ஜினுக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் மடங்காமல் கீழ்நோக்கிச் சரிவாக இறங்க வேண்டும்.

ஆயில் போகும் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஊற்றி, கையால் கம்ப்ரஸர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அப்புறம் பைப்பை மாட்டுங்கள். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பு வண்டியில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஒருவர் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஆயில் பிரஷர் ஏறும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடிக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். ஏற்றம் முடித்து நிறுத்தும்போதும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், இல்லையென்றால் சூட்டில் ஆயில் கரியாகிவிடும்.

சரி, மாட்டியும் பிக்கப் இல்லை, கரும்புகை வருகிறதா? டர்போவைக் குறை சொல்வதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒருவர் ரைஸ் செய்யும்போது நுரை எங்கே கொப்பளிக்கிறது என்று பாருங்கள். தளர்ந்த கிளிப்தான் பெரும்பாலும் காரணம். ஏர் ஃபில்டர் அடைப்பையும் பார்த்துவிடுங்கள். நீலப்புகை வந்தால் சைலன்சரில் மிச்சமிருக்கும் பழைய ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் ரிட்டர்ன் பைப்பையும் இன்ஜின் பிரீதரையும் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) கழற்றி அடைப்பை எடுங்கள். பெரும்பாலும் ஆயில் இறங்க வழியில்லாமல்தான் சீல் வழியாகத் தள்ளுகிறது, இந்த இரண்டையும் பார்க்காமல் டர்போவைத் திரும்பக் கழற்றாதீர்கள்.