மாண்டி கிறிஸ்டோ பிரபு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்செய் துறைமுகத்து இளம் மாலுமி எட்மண்ட் டான்டெஸ் செய்யாத குற்றத்துக்காக 14 ஆண்டுகள் சிறையில் கிடக்கிறான். தப்பி வந்து, புதையல் எடுத்து, மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற புதுப் பெயரில் தன்னை அழித்தவர்களைத் தேடிப் போகிறான். அலெக்சாண்டர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலைப் பற்றிக் காதில் விழுவது பெரும்பாலும் இவ்வளவுதான். இதை மட்டும் நம்பிப் புத்தகத்தைத் திறப்பவர்கள் நடுவில் திணறிப் போகிறார்கள். சிறையும் தப்பித்தலும் சேர்ந்து மொத்தக் கதையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சமெல்லாம் வங்கிக் கணக்கு, கல்யாணப் பேச்சு, விருந்து, வதந்தி, விஷம். பழிவாங்கல் நடப்பதும் அவற்றுக்குள்தான். ‘பழி எப்போது தொடங்கும்’ என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனால், அது தொடங்கி வெகுநேரம் ஆனதே தெரியாமல் போய்விடும்.

பிற்பகுதித் திருப்பங்கள் கட்டுரையின் இரண்டாம் பாதியில்தான் வருகின்றன. அந்த இடத்தில் எச்சரிக்கை உண்டு.

சுருக்கப் பதிப்பை வாங்குவது

தவறுகளில் பெரியது இதுதான். முழு நாவலில் 117 அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1,200 பக்கம். அட்டையில் ‘சுருக்கப்பட்டது’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அல்லது போட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் பொருளடக்கத்தைத் திறந்து கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள். 70, 80 என்று நின்றால் கத்தரி விழுந்திருக்கிறது. பொதுவாக முதலில் வெட்டுப்படுவது ரோம் நகர அத்தியாயங்களும் இளைய தலைமுறையின் கதைகளும். வெட்டியபின் பிரபு வெறும் மந்திரவாதிபோல் ஆகிவிடுகிறார். எந்தக் கயிற்றை எங்கே கட்டினார் என்பது தெரியாமல் முடிச்சு மட்டும் இறுகுகிறது.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1846-இல் பெயர் போடாமல் வந்த பழைய மொழிபெயர்ப்பு அல்லது அதன் திருத்திய வடிவம். அது முழு நீளம்தான். ஆனால் அந்தக் காலத்து ஆங்கில வாசகர் முகம் சுளிப்பார் என்று நினைத்த இடங்களை மழுப்பியிருக்கிறார்கள். ஹாஷிஷ் (கஞ்சாப் பிசின்) மயக்கத்தில் வரும் கனவும், வங்கி முதலாளி மகள் யூஜெனிக்கும் அவள் தோழி லூயிஸுக்கும் இடையிலான நெருக்கமும் அப்படி மங்கியவை. 1996-இல் வந்த ராபின் பஸ் மொழிபெயர்ப்பில் அந்த மழுப்பல் இல்லை. நடையும் ஓடுகிறது.

எந்தப் பதிப்பானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். செவ்விலக்கியம் என்றாலே எல்லோருக்கும் முடிவு தெரியும் என்ற நினைப்பில், யார் சாகிறார்கள் என்பதை முன்னுரைக்காரர்கள் போட்டு உடைத்துவிடுவார்கள்.

1815-ஐத் தாண்டிக் குதிப்பது

‘அரசியல் நமக்கெதற்கு’ என்று தொடக்க அத்தியாயங்களை மேய்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கு எட்மண்ட் ஏன் சிறைக்குப் போனான் என்பதே சரியாகப் பிடிபடாது. கதை தொடங்குவது 1815 பிப்ரவரி 24. நெப்போலியன், தான் நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து கிளம்புவது பிப்ரவரி 26. மார்ச் 1 அன்று பிரான்ஸில் கால் வைக்கிறார். ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் தோற்கிறார். மன்னர் பதினெட்டாம் லூயி இருக்கிறார், ஓடுகிறார், மறுபடி வருகிறார். எட்மண்டைப் போல, எல்பாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பையில் வைத்திருப்பது இதில் ஒரு மாதம் தேசத்துரோகம், அடுத்த மாதம் தேசபக்தி, அதற்கடுத்து மறுபடி தேசத்துரோகம்.

இந்த ஊசலாட்டத்தை டூமா எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஒரு காட்சி போதும். நெப்போலியன் மீண்டும் ஆட்சியில் இருக்கும் அந்தச் சில வாரங்களில், கப்பல் முதலாளி மோரெல் எட்மண்டை விடுவிக்கச் சொல்லி மனு கொடுக்கிறார். நல்லெண்ணத்தோடு, அவன் நெப்போலியனுக்குச் செய்த சேவையைச் சற்று ஊதியே எழுதுகிறார். அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் அதை மேலே அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார். ஆட்சி மாறியதும் விடுதலை கேட்ட அந்தத் தாளே எட்மண்டுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கத்தி இல்லை, சதியாலோசனை இல்லை. ஒரு தாள் ஒரு மேசையில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் பிரபு பழிவாங்கப் போவதும் இதே பாணியில்தான். அதனால்தான் இந்த அத்தியாயங்களை நிதானமாகப் படிக்க வேண்டும்.

31-ஆம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடுவது

30-ஆம் அத்தியாயம் 1829 செப்டம்பரில் கண்ணீரும் மகிழ்ச்சியுமாக முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் 1838. இத்தாலியில் ஊர்சுற்றும் ஃபிரான்ஸ், ஆல்பெர்ட் என்ற இரண்டு பணக்கார இளைஞர்கள். எட்மண்ட் என்ற பெயரே காணோம். நிறைய வாசகர்கள் விடைபெறுவது இங்கேதான்.

ஒன்பது ஆண்டுகளை டூமா வேண்டுமென்றே மறைக்கிறார். இதுவரை எட்மண்டின் மனசுக்குள் இருந்த வாசகரை வெளியே நிறுத்தி, பாரிஸ்காரர்கள் பார்க்கிற மாதிரி அந்த வெளிறிய முகத்து அந்நியரைப் பார்க்க வைக்கிறார். 38-ஆம் அத்தியாயம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது மூன்றை மட்டும் கவனித்தால் போதும்: கொள்ளையன் லூயிஜி வாம்பா யாருக்குக் கடமைப்பட்டவன், ஆல்பெர்ட்டின் குடும்பப் பெயர் என்ன, பிரபு அவனிடம் என்ன வாக்கு வாங்குகிறார். பாரிஸ் மேட்டுக்குடியின் கதவு பிரபுவுக்குத் திறப்பது அந்த இளைஞனின் நன்றிக்கடனால். மே 21, காலை 10.30-க்கு விருந்துக்கு வருவதாகச் சொன்னவர் அந்த மணியடிக்கும்போது வாசலில் நிற்கிறார்.

பெயர்களைக் குறித்துக்கொள்ளாதது

எட்மண்டைச் சிறைக்கு அனுப்பியவர்களில், பழைய மீனவன் ஃபெர்னான் இப்போது மோர்செர்ஃப் பிரபு. கணக்கர் டாங்லர் வங்கி முதலாளி, பாரன். நாயகனுக்கோ பாதிரியார் புசோனி, வில்மோர் பிரபு, சிந்துபாத் என்று வேஷத்துக்கு ஒரு பெயர். ஒரு தாளில் மோர்செர்ஃப், டாங்லர், வில்ஃபோர், மோரெல் என்று நான்கு வீடுகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மனைவி, பிள்ளை, யாருக்கு யாரை மணம்பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் உறவு வரைபடத்தைப் பார்க்காதீர்கள். பாதி ரகசியம் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

முதல் முறை படிப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி, படித்து முடித்து ரசிகர்களானவர்கள் செய்யும் தவறுகள்.

பணத்தை வெறும் எண்ணாகப் பார்ப்பது

பிராங்குகளை இன்றைய நாணயத்துக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. கதைக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. சிறையில் எட்மண்டுக்குப் பழக்கமான பாதிரியார் ஃபாரியா சொல்லும் புதையல் சுமார் 1.3 கோடி பிராங்க். மோன்லேரி கோபுரத்துத் தந்திக்காரரின் ஆண்டுச் சம்பளம் 1,000 பிராங்க்.

அந்தத் தந்தி மின்சாரத் தந்தி அல்ல. கோபுர உச்சியில் மரக் கைகளை ஆட்டி, தொலைநோக்கியில் பார்க்கும் அடுத்த கோபுரத்துக்குச் சைகை கடத்தும் முறை. நடுவில் இருப்பவருக்குச் செய்தியின் பொருள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த மனிதரின் கவலையெல்லாம் தோட்டத்துப் பழங்களைத் தின்னும் எலி போன்ற பிராணிகள். பிரபு அவருக்கு 25,000 பிராங்க் கொடுத்து, ஒரே ஒரு பொய்ச் செய்தியை அனுப்ப வைக்கிறார். ஸ்பெயின் பத்திரங்கள் சரியப்போகின்றன என்று டாங்லர் பதறி விற்கிறார். மறுநாள் அது மூடுபனியால் வந்த பிழை என்று அரசிதழ் சொல்கிறது. விற்றதில் போனதும் வைத்திருந்தால் வந்திருக்கக்கூடியதும் சேர்த்துப் பத்து லட்சம். 25,000 செலவில் பத்து லட்சத்துக்கு அடி என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டால், ரோமின் நிலத்தடிக் கல்லறையில் ஒரு கோழிக்கு டாங்லர் 1,00,000 பிராங்க் கொடுக்கும் காட்சி ஏன் அவ்வளவு சுடுகிறது என்பது புரியும்.

‘கச்சிதமான பழிவாங்கல்’ என்று கொண்டாடுவது

எதிரிகள் யாரையும் பிரபு தன் கையால் கொல்வதில்லை. அவரவர் பழைய குற்றத்தைத் தோண்டி மேலே வைக்கிறார். ஃபெர்னான் காட்டிக்கொடுத்த அலி பாஷாவின் மகள் ஹைடியே சாட்சி சொல்ல வருகிறாள். ஆனால் வில்ஃபோர் வீட்டில் கணக்கு தப்புகிறது. அங்கே விஷப் பேச்சை விதைத்தவர் பிரபு. அறுவடையில் சிறுவன் எட்வர்ட் சாகிறான். அந்தச் சடலத்துக்கு முன்னால்தான், தான் கடவுளின் கருவி என்ற அவர் நினைப்பு ஆடிப்போகிறது. 113-ஆம் அத்தியாயத்தில் அவர் தான் அடைபட்டிருந்த இஃப் கோட்டைக்கு மீண்டும் போவதும், டாங்லரைக் கடைசியில் உயிரோடும் 50,000 பிராங்கோடும் விட்டுவிடுவதும் இதன் தொடர்ச்சி. இதை விட்டுவிட்டு அவரைக் குறையில்லாத நாயகனாகத் தூக்கிப் பிடிப்பது டூமா எழுதாத நாவலைப் புகழ்வதாகும்.

2002-இல் வந்த திரைப்படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதும் இந்த ரகம்தான். ஆல்பெர்ட் எட்மண்டின் மகன் என்பது படத்தின் கற்பனை. நாவலில் அப்படி இல்லை, ஆல்பெர்ட்டின் தாயும் எட்மண்டின் பழைய காதலியுமான மெர்சிடஸும் எட்மண்டும் சேர்வதும் இல்லை.

உண்மைக் கதை என்று நம்புவது

ஜாக் பெஷே என்ற காவல்துறை ஆவணக்காரர் எழுதிவைத்த, பிக்கோ என்ற செருப்புத் தொழிலாளியின் கதையிலிருந்து டூமா விதையை எடுத்தார். அதுவே எவ்வளவு நம்பத்தக்கது என்பது விவாதத்துக்குரியது. ஃபாரியா என்ற பாதிரியார் நிஜமாகவே இருந்தார். 1756-இல் கோவாவின் காண்டோலிமில் பிறந்தவர், அறிதுயிலை (ஹிப்னாடிசம்) பற்றி எழுதியவர், 1819-இல் பாரிஸில் இறந்தவர். நாவலின் ஃபாரியா இத்தாலியர். பெயரைத் தவிர இருவருக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. மார்செய்க்கு எதிரே உள்ள இஃப் கோட்டையில் டான்டெஸின் அறை என்று ஒன்றையும், சுவரில் ஒரு துளையையும் காட்டுவார்கள். கோட்டை 16-ஆம் நூற்றாண்டினது. துளை நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காகப் போட்டது.