வெள்ளை அனிமோனை வாங்காதீர்கள்: கடல் சாமந்தி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆவணியில் பாலக்கோட்டில் இருக்கும் என் மச்சினன் கடல் மீன் தொட்டிக்கென்று சென்னையிலிருந்து ஓர் அனிமோன் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பால் போல வெள்ளை உடம்பு, ஒவ்வொரு இழையின் நுனியிலும் கத்தரிப்பூ நிறம். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க மாமா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அது பட்டினி கிடக்கும் உயிரின் வெள்ளை.

அனிமோனின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அந்தப் பாசி செய்யும் உணவில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. சூடு ஏறினாலோ, பையில் அடைத்து நாள்கணக்கில் இருட்டில் வைத்தாலோ பாசி வெளியேறிவிடும், உடம்பு வெளுத்துவிடும். பழுப்பு, தேன் நிறம், மங்கிய பச்சை இருந்தால் பாசி உள்ளே இருக்கிறது என்று நம்பலாம். உடம்பு முழுக்க எலுமிச்சை மஞ்சளாகவோ மிட்டாய் ரோஸாகவோ இருந்தால், வெளுத்த அனிமோனுக்குச் சாயம் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சிவந்த 'பபிள் டிப்' என்ற வகைக்கு இயற்கையாகவே அந்த நிறம் உண்டு, அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

நிறத்துக்கு அப்புறம் வாயைப் பாருங்கள். நடுவில் இருக்கும் வாய் இறுக மூடியிருக்க வேண்டும். தொளதொளவென்று திறந்து உள்சதை வெளியே தள்ளியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடிப்பாதம் கிழியாமல் கண்ணாடியிலோ கல்லிலோ ஒட்டியிருக்க வேண்டும். கடைப் பையன் அதைக் கையால் பிய்த்து எடுக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐஸ் கட்டியை வைத்தாலோ, உள்ளே ஓரத்தில் மெதுவாகத் தண்ணீரைப் பீய்ச்சினாலோ அதுவாகவே பிடியை விட்டுவிடும்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்குக் கடல் சாமந்தி என்று பெயர். சாமந்தித் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளும், கூடவே ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். செடி மாதிரி வைத்த இடத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இது ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் சொந்தம். இடம் பிடிக்கவில்லை என்றால் பாதத்தால் நகர்ந்து போகும். நகரும்போது வேவ் மேக்கரில் (டேங்கில் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மாட்டி அரைபட்டுச் சாகும் அனிமோன்கள் ஏராளம். அதனால் பம்ப் வாய்களுக்கெல்லாம் ஸ்பாஞ்சோ வலையோ மாட்டிய பிறகுதான் அனிமோனை உள்ளே விட வேண்டும்.

எந்த வகை என்று தெரியாமல் வாங்குவதுதான் மற்ற பல தவறுகளுக்கு ஆரம்பம். மச்சினன் வாங்கியதைக் கடையில் 'செபே அனிமோன்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் அறிவியல் பெயர் ஹெட்டராக்டிஸ் கிறிஸ்பா. தடித்த தோல் போன்ற தண்டு, அதில் சின்னச் சின்ன மருக்கள், பாதம் மணலுக்குள் புதைந்திருக்கும். க்ளவுன் மீன்கள் அனிமோனுக்குள் குடியிருப்பவை, ஆனால் வங்காள விரிகுடாவில் வாழும் செபே க்ளவுன் மீன் இயற்கையில் இதைத் தேடிப் போவதில்லை. அது குடியிருப்பது ஹட்டோனி கார்ப்பெட் அனிமோனில். பெயர் பொருத்தத்தை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்தவர்கள், மீன் ஏன் கிட்டவே போகவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஹட்டோனி மணலில் விரித்த பாய் மாதிரி கிடக்கும், இழைகள் மிகக் குட்டை. அசந்த மீனைப் பிடித்துத் தின்றுவிடும் என்பதால் சின்ன டேங்குக்கு ஆகாது. மேக்னிஃபிகா என்ற வகை, பளிச்சென்ற வழவழப்பான தண்டோடு பாறை உச்சியில் ஏறி உட்காரும். அழகில் அதுதான் ராணி, ஆனால் கடும் வெளிச்சமும் பலத்த நீரோட்டமும் கேட்கும். முதல்முறை வளர்ப்பவர் அதைத் தொட வேண்டாம். லாங் டென்டகிள் வகைக்குப் பாதம் ஆரஞ்சு அல்லது சிவப்பு, அதற்கு ஆழமான மணல் வேண்டும். முதலில் வளர்க்க ஏற்றது பபிள் டிப், அதாவது என்டாக்மியா குவாட்ரிகலர். இழை நுனியில் குமிழ் இருக்கும், பாதத்தைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துக்கொள்ளும். சில நாள் குமிழ்கள் மறைந்து இழைகள் நீண்டுவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றக் கூடாது. டார்ச், ஹாமர் என்று விற்பவை அனிமோன் போலவே ஆடினாலும் அடியில் கல் எலும்பு இருக்கும், அவை பவளங்கள். கல் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்க்கல் (லைவ் ராக், அதாவது உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு பக்கம், வாங்காமலே வந்து சேரும் அனிமோன்களும் உண்டு. லைவ் ராக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடி போன்ற பழுப்பு நிறத்தில் நீண்ட இழைகளோடு ஒன்று முளைத்தால், 'இலவசமாக ஒரு குட்டி' என்று சந்தோஷப்பட வேண்டாம். அது ஐப்டேசியா. சுரண்டி எடுத்தால் பாதத்தின் துணுக்கு ஒவ்வொன்றும் தனி அனிமோனாக வளர்ந்துவிடும். சில மாதத்தில் டேங்க் முழுக்க அதுதான். அதன் வாய்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை ஊசியால் வைத்து மூடுவதே பழக்கம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அக்வேரியத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

இப்போது தண்ணீர். கடற்கரை ஊர் எதுவும் நமக்குப் பக்கத்தில் கிடையாது. அனிமோன் வாழும் கடலை நாமே வாளியில் கலக்கிச் செய்கிறோம், அதனால் அதில் வரும் குறை முழுக்க நம் கையால் வருவது. இந்த இடத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு பயம்தான் முதலில் வரும். பல்லில் கறையோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த காரணமும் அதுவே. அதனால் 'போர் தண்ணீர்தான் ஆகாது, ஒகேனக்கல் தண்ணீர் ஊற்றலாம்' என்கிறார்கள். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. குடிநீருக்கு நம் நாட்டில் அனுமதிக்கும் உச்ச அளவு 1.5. ஆக, அனிமோனைப் பொறுத்தவரை கவலை வேறு இடத்தில் இருக்கிறது: போர் தண்ணீரின் நைட்ரேட், பாஸ்பேட், கடினத்தன்மை, குழாய் நீரின் குளோரின், எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பு.

எங்கள் வீட்டுச் சமையலறை ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) முக்கினேன். 74 காட்டியது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் எந்திரங்கள் இவை. இப்போது செம்புச் சத்து சேர்க்கும் மாடல்களும் வந்துவிட்டன. மனிதருக்கு எப்படியோ, அனிமோன், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். செம்புக் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரும் கூடாது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் ஊற்றும் மருந்து பலவற்றிலும் செம்பு இருக்கும், மீனைத் தனி டேங்குக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். லைவ் ராக் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்பதால், பழைய டேங்க் வாங்குபவர்கள் அதில் முன்பு என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் ஒன்று மாட்டி, மீட்டர் 0 காட்டும் தண்ணீரைத்தான் நான் சேர்க்கிறேன்.

உப்பிலும் ஒரு தவறு நடக்கிறது. 'கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது?' என்று பலர் கேட்கிறார்கள். உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது, மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கழிநீரோடு போகிறது. நடுவில் நாம் அள்ளுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. அக்வேரிய சால்ட் மிக்ஸ் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் போட்டு, பம்ப் வைத்து ஓர் இரவு சுற்றவிட்டு, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 அல்லது 1.026 வருகிறதா என்று பாருங்கள். வற்றிய தண்ணீருக்கு ஈடாக உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஈடு செய்ய வெறும் 0 டிடிஎஸ் நீர், அதுவும் தினம் கொஞ்சமாக.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தர்மபுரி சித்திரை வெயிலில் மூடி போட்ட டேங்க் 31, 32 தொடும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நம் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் சில்லர்தான் வழி. ஐஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டால் ஏறி இறங்கும் சூட்டில் அனிமோன் இன்னும் களைத்துவிடும். ஓசூர்க்காரர்களுக்கு மார்கழியில் நேர்மாறான பிரச்சினை, அங்கே ஹீட்டர் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் போகும் நாளில் இன்வெர்ட்டரில் விளக்கை ஓட்டாமல் வேவ் மேக்கரை ஓட்டுங்கள். கொசு லிக்விடை அந்த அறையில் வைக்காதீர்கள்.

டேங்க் போட்ட இரண்டாம் மாதமே அனிமோன் விடுபவர்களுக்கு: கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் 0 ஆனதோடு வேலை முடிவதில்லை. குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள். எடின்பரோவில் ஜான் டேலியல் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஓர் அனிமோன் கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை வாழ்ந்திருக்கிறது. அது குளிர்க்கடல் வகை, நம்முடையது வேறு. ஆனாலும் 59 வருடம் வாழ்ந்த உயிரின் இனத்தை நாம் மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

தீனி அதிகம் வேண்டாம். உப்போ மஞ்சளோ தடவாத பச்சை இறாலை மிளகு அளவுக்கு நறுக்கி வாரம் ஒன்றிரண்டு முறை கொடுத்தால் போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும்.

இரவில் சுருங்குவதும், பழுப்புக் கழிவைத் தள்ளிவிட்டு ஒரு நாள் வாடிக் கிடப்பதும் சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து தொட்டு நகர்த்தாதீர்கள். செத்ததை மூக்கு காட்டிக்கொடுக்கும். மச்சினன் போன் செய்த அன்று டேங்க் மூடியைத் திறந்ததுமே அழுகல் வாடை அடித்தது. பாதம் பிடி விட்டிருந்தது, தொட்ட இடம் கஞ்சி மாதிரி கரைந்தது. ஒரு கிண்ணத்தை நீருக்குள் முக்கி அப்படியே அள்ளி எடுத்தோம், கிழிந்த துணுக்குகளை டியூபால் உறிஞ்சினோம். தயாராக வைத்திருந்த உப்பு நீரில் மூன்றில் ஒரு பங்கை அன்றே மாற்றி, புது கார்பன் பை போட்டோம். விடிகாலை மூன்று மணிக்கு அம்மோனியா டெஸ்ட் மறுபடி மஞ்சளுக்கு, அதாவது அம்மோனியா இல்லை என்ற நிறத்துக்கு வந்தது. இரண்டு க்ளவுன் மீன்களும் பிழைத்தன.