நூல் மில்லில் மீட்டர் ரீடிங் பிழை: சரி செய்த விதம்

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில். ஆர்எஸ்-485 (இரட்டை ஒயரில் தகவல் அனுப்பும் முறை) லைனில் 14 எனர்ஜி மீட்டர், மோட்பஸ் ஆர்டியு (மீட்டரோடு பேசும் நெறிமுறை), 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட் வேகம்). ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஓடும்போது மட்டும் சிஆர்சி பிழை, அதாவது தகவல் வழியில் கெட்டதா என்று பார்க்கக் கடைசியில் சேர்க்கும் இரண்டு பைட் சோதனை எண் ஒத்துப்போகலை.

முதலில் சிஆர்சி கணக்கைச் சோதிச்சுக்கங்க. தொடக்க மதிப்பு 65535. பிட் வரிசையைத் திருப்பி எழுதிய பல்லுறுப்புக்கோவை (கணக்கில் பயன்படும் நிலையான எண்) 40961. 1, 3, 0, 0, 0, 10 என்ற ஆறு பைட்டுக்கு 197, 205 வரணும். கீழ் பைட்தான் முன்னால் போகும். பைட்டுக்கு எட்டு முறை சுற்றுவதற்குப் பதில் 256 மதிப்புள்ள அட்டவணை வைத்தால் ஒரே படி, 512 பைட் நினைவகம்.

கணக்கு சரியாகவே இருந்தது. கோளாறு ஒயரில்: விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு ஒரே ட்ரேயில் போயிருந்தது. தனியாகப் பிரித்து, நடுவில் எடுத்திருந்த கிளைகளை நீக்கி, மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாக இழுத்து, இரு முனையில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். பவரை நிறுத்தி லைனின் ஏ, பி ஒயர்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் அருகில் வரணுங்க. 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ரெசிஸ்டர் இருக்கு.

சிஆர்சி-16, அடுத்தடுத்த 16 பிட்டுக்குள் எது கெட்டாலும் தவறாமல் பிடிக்கும், ஆனால் திருத்தாது. கெட்ட ஃப்ரேமை (ஒரு தடவை வரும் தகவல் தொகுப்பை) முழுசாக எறிந்துவிட்டு, லைன் குறைந்தது 3.5 எழுத்து நேரம், அதாவது சுமார் 4 மில்லி விநாடி, அமைதியான பிறகு மறுபடி கேட்கணும். பழைய ரீடிங்கை வைத்து நிரப்பிடாதீங்க, யூனிட் கணக்கே பொய்யாயிரும்.