‘பேஸ் காணாது தம்பி’: மிக்ஸுக்குக் கருத்துச் சொல்லும்போது நாம் விடுகிற பிழைகள்

போன வருடம் சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம், கிளிநொச்சி தர்மபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு ட்ராக் அனுப்பினார். நாலு நிமிடம் வரும். தகப்பனுடைய லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஓடும் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, அதிலிருந்து ஒரேயொரு ‘துக்’கை வெட்டி எடுத்துக் கிக் (தாளத்தின் கனத்த அடி) ஆக்கியிருந்தார். அதற்கு மேலே உடுக்கு, ஒரு சின்த் (மின்னணு வாத்தியம்), பிறகு ட்ரொப் (தாளம் முழுவதுமாக வந்து இறங்குகிற இடம்).

“அண்ணை, கேட்டுப்போட்டு மிக்ஸ் எப்பிடியெண்டு சொல்லுங்கோ.” மிக்ஸ் என்றால், எந்தச் சத்தத்தை எவ்வளவில் வைத்துக் கலந்திருக்கிறார் என்பது.

நான் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக் கேட்டேன். “நல்லாயிருக்கு. ஆனா பேஸ் காணாது தம்பி” என்று எழுதிவிட்டு ஏறிவிட்டேன்.

அவர் அன்றிரவே பேஸை 6 டெசிபல் கூட்டியிருக்கிறார். எனக்கு ஒலி ஒளி அமைப்பு வேலை. அடுத்த கிழமை பிறந்தநாள் வீடு ஒன்றுக்கு பொக்ஸ் (பெரிய ஸ்பீக்கர்) கட்டப் போனபோது, சோதிக்கிற சாட்டில் அந்தப் புதிய மிக்ஸைப் போட்டேன். யன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. உடுக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. 6 டெசிபல் கூட்டுவதென்றால் அந்தப் பகுதிக்கு அம்ப் நாலு மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். பொக்ஸ் உறுமியதில் ஆச்சரியமில்லை.

பிழை அவர் விட்டதல்ல. சின்னப் போன் ஸ்பீக்கரில் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. கிக்கின் அடிச் சத்தம் இருப்பதோ 50, 60 ஹேர்ட்ஸில். வராத இடத்தில் தேடிப்பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கருத்துச் சொல்கிறவர்கள் விடுகிற பிழைகளில் முதலாவதும் மோசமானதும் இதுதான். போனில்தான் கேட்க முடியும் என்றால், “போனில் கேட்டேன், கிக் மெல்லிசாகக் கேட்டது” என்று எழுதுங்கள். எதில் கேட்டீர்கள் என்ற ஒரு சொல்லை வைத்தே அந்தக் கருத்தை எடுப்பதா விடுவதா என்று மற்றவர் தீர்மானித்துக்கொள்வார்.

போனில் கேட்பதே பிழை என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்களில் பாட்டில் பாதி போனில்தான் கேட்கப்படுகிறது. போனில் கிக் இருப்பதே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். அதற்கு மருந்து பெரும்பாலும் பேஸைக் கூட்டுவது அல்ல. கிக் அடிக்கும்போது வரும் ‘டிக்’ என்ற முனைச் சத்தத்தை, ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே, கொஞ்சம் எடுப்பாக்கினால் சின்ன ஸ்பீக்கரிலும் அடி தெரியும். பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் கொடுத்து மேல்சுரங்களை வரவைத்தாலும் அப்படித்தான்.

கேட்கிற அளவும் ஆளை ஏமாற்றும். சத்தம் குறையும்போது மனிதக் காது முதலில் தவறவிடுவது பேஸைத்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு மெல்லமாகப் போட்டுக் கேட்டால், எந்த மிக்ஸும் பேஸ் காணாததாகத்தான் இருக்கும். திருவிழாவில் பொக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து கேட்டால் நடப்பது வேறு. காது அடைத்துப்போய், மேல் சத்தங்கள் மங்கியிருக்கும். அந்த இரவில் “ஹைஹட்டைக் (ட்ரம்ஸில் ‘ட்ஸ்’ என்கிற தட்டு) கூட்டு” என்று எழுதாதீர்கள். விடியக் கேளுங்கள். தேத்தண்ணிக்கு முதலோ பிறகோ, அது உங்கள் விருப்பம்.

ட்ராக் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் பாருங்கள். சிலர் லப்டொப்பில் போட்டுவிட்டு அதையே வொய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்புகிறார்கள். அறையின் எதிரொலி, மின்விசிறி, பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாம் சேர்ந்து வருகிற அதற்கு மிக்ஸ் கருத்துச் சொல்வது வீண்வேலை. “டொக்கியுமென்ட் ஆக அனுப்பு” என்று கேளுங்கள், கோப்பு அப்படியே வரும். வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 எம்பி அளவில் போகும். டேட்டா காணாதவர்கள் 320 கேபிபிஎஸ் எம்பி3 அனுப்பினால், நாலு நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கும். கருத்துச் சொல்ல அது தாராளம்.

அடுத்தது, எதற்குச் செய்தது என்று கேட்காமலே தொடங்குவது. சினிமாப் பாட்டில் வளர்ந்த காது எங்களுடையது. குரல்தான் முன்னுக்கு நிற்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பந்தல் பிடிக்க வேண்டும். டெக்னோவில் அப்படியல்ல, கிக்தான் நடுவீட்டில் இருக்கும். ஒரே தாளம் 16 பார் (தாளச் சுற்று) மாறாமல் ஓடுவதும் அங்கே வேண்டுமென்றே செய்வது. “ஒரே மாதிரிப் போகுது, கிக் சத்தம் கூட” என்று அதற்கு எழுதுவது, இடியப்பத்தைப் பார்த்து இதென்ன நூல் நூலாகக் கிடக்கிறது என்று கேட்பதைப்போல. எங்கே போடப்போகிறார், பஸ்ஸிலா, பொக்ஸிலா, ஹெட்ஃபோனில் தனியே கேட்கவா? எந்தப் பாட்டைப்போல வரவேண்டும் என்று நினைத்துச் செய்தார்? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாயைத் திறந்தால் பாதிக் கருத்து தானாகவே குறைந்துவிடும்.

அவர் ஒரு பாட்டைக் காட்டினால் இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். ஆனால் வெளிவந்த பாட்டு மாஸ்டர் செய்யப்பட்டது, அதாவது வெளியிட முன் கடைசியாக மெருகேற்றியது, சத்தமாகவே இருக்கும். அதைக் குறைத்துச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் அதுதான் வெல்லும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். காது அதை ‘சத்தம் கூட’ என்று எடுக்காது, ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். “சத்தம் காணாது, இன்னும் ஏத்து” என்று நாங்கள் சொல்லுவதும், பெடியன் மாஸ்டரில் (எல்லாச் சத்தமும் சேர்ந்து வெளியே போகிற தடம்) இருக்கிற லிமிட்டரை (சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்குகிற கருவி) போட்டு நசுக்குவதும் இப்படித்தான் நடக்கிறது. நசுக்கினால் கிக்குக்கு அடி இராது, தலையணையில் குத்துவது போலிருக்கும். அவ்வளவு பாடுபட்டு ஏற்றினாலும் யூடியூப் சத்தமான பாட்டைத் தானே குறைத்துவிடும். ஸ்பொட்டிஃபை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. மிக்ஸ் பார்க்கிற கட்டத்தில், மாஸ்டரில் லிமிட்டர் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். பரியாரியிடம் போகிறவர் எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று சொன்னால் போதும். “எனக்கு இன்ன எண்ணெய் காய்ச்சித் தா” என்று சொல்லத் தேவையில்லை. மிக்ஸ் கருத்தில் நாங்கள் எல்லோரும் எண்ணெய் காய்ச்சத்தான் நிற்கிறோம். “300 ஹேர்ட்ஸில் 4 டெசிபல் வெட்டு.” “கொம்ப்ரெசர் போடு, நாலுக்கு ஒன்று.” கேட்க அறிவாளித்தனமாக இருக்கும். ஆனால் அவருடைய ப்ரொஜெக்ட் உங்கள் முன்னால் இல்லை. அங்கே அடைப்பது எது என்று உங்களுக்குத் தெரியாது. பேடும் (பின்னணியில் நீளமாக இழுபடுகிற சின்த்) பேஸும் ஒரே ஒக்டேவில் (ஸ்தாயியில்) கிடந்து உரசிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் எதையும் வெட்டத் தேவையில்லை, பேடை ஒரு ஒக்டேவ் மேலே தூக்கினால் அடைப்புப் போய்விடும்.

கிக்கும் பேஸும் அதைவிடச் சிக்கல். “கிக் கேக்கேல்லை, கூட்டு” என்கிறோம். கிக் சரியான அளவில் இருக்க, அதே நேரத்தில் அதே இடத்தில் பேஸும் அழுத்துவதால் அது மூடப்பட்டிருக்கலாம். கிக்கைக் கூட்டினால் பேஸ் சிறுத்துத் தெரியும், பிறகு பேஸைக் கூட்டுவார், இரண்டும் மாறி மாறி ஏறி, கடைசியில் மாஸ்டர் சிவப்பில் போய் நிற்கும். கிக் அடிக்கிற கணத்தில் மட்டும் பேஸ் தாழ்ந்து வழிவிடுகிற சைட்செயின் போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே “0:58இல் பேஸ் வந்தவுடன் கிக் காணாமல் போகிறது” என்று எழுதுங்கள். எது எதை மூடுகிறது என்று அவர் தேடட்டும். தேடும்போதுதான் அவர் பழகுவார். நேரத்தைக் குறித்துச் சொல்வது சின்ன விசயம்தான், ஆனால் அது இல்லாத கருத்தை வைத்து எதையும் திருத்த முடியாது.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆட்கள் தொழில்நுட்பச் சொல் தெரியாது என்று தயங்குகிறார்கள். குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றால், மிக்ஸ் பழகியவர் உடனே 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரைக்கும் பார்ப்பார். காதைக் குத்துகிறது என்றால் 2,000க்கும் 5,000க்கும் இடையில். ஹைஹட் சீறுகிறது என்றால் அதற்கும் மேலே. கரகரக்கிறது என்றால் எங்கேயோ சத்தம் எல்லையைத் தாண்டி வெட்டுப்படுகிறது. கேணிக்குள் நின்று பாடுகிற மாதிரி என்றால் ரிவேர்ப் கூடிவிட்டது. இந்தச் சொற்கள் இலக்கங்களைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவை நீங்கள் உண்மையிலேயே கேட்டவை. ‘வோம்த் இல்லை’, ‘பஞ்ச் இல்லை’ என்று எங்கேயோ வாசித்த சொல்லைத் திருப்பிச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்துப் பேரைக் கேட்டால் பத்து விளக்கம் வரும்.

சில குறைகள் மிக்ஸுக்குரியவையே அல்ல. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்ப் பறையைப் போனில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வைகாசியில் சோளகக் காற்று மைக்கில் அடித்து, அடியில் ‘பும் பும்’ என்று கிடக்கும். 80, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெருமளவு போகும், ஆனால் பறையின் உடலும் கொஞ்சம் சேர்ந்து போகும். காற்றோடு கூட்டச் சத்தமும் கலந்திருந்தால் எந்த ஈக்யூவும் (ஹேர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) பிரித்துத் தராது. அதற்கு “மிக்ஸ் தெளிவில்லை” என்று எழுதுவது அநியாயம். “பதிவிலேயே காற்று இருக்கிறது, அடுத்தமுறை மைக்கைத் துணியால் மூடி, காற்றுக்கு மறைவாக நின்று பிடி” என்பதுதான் உதவி. அதேபோல் ட்ரொப் பிந்தி வருகிறது என்பது அமைப்புப் பற்றிய கருத்து, சின்த் மலிவாகக் கேட்கிறது என்பது சத்தத் தெரிவு பற்றியது. சொல்லலாம், ஆனால் மிக்ஸ் என்ற பெயரில் சொன்னால் அவர் போய் ஈக்யூவைத் திருகுவார்.

என் தொழிலோடு வருகிற ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோயில்களில் மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற ஹோர்ன் ஸ்பீக்கர்கள் மொனோ. ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் அகலமாகப் பரந்து கேட்கிற சின்த், இடமும் வலமும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று தின்று காணாமல் போய்விடக்கூடும். ஒருமுறை ஒரு பெடியனுடைய ட்ராக்கில் லீட் முழுதாகவே போய்விட்டது. மெட்டு இல்லாமல் தாளம் மட்டும் வயல்வெளியெல்லாம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் வயரைப் பார்த்தேன். வயரில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து, எனக்கு வருகிற ட்ராக்கை ஒருதரமாவது மொனோவில் கேட்காமல் கருத்து எழுதுவதில்லை. ஹெட்ஃபோனில் மட்டும் மிக்ஸ் செய்கிறவருக்கு இது தானாகத் தெரியவராது.

எவ்வளவு சொல்லுவது? இரண்டு, மிஞ்சினால் மூன்று. பதினெட்டுக் குறையை வரிசையாக எழுதி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் சரி. வாங்கியவர் பிறகு ஆறு மாதம் லப்டொப்பைத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கெடுக்கிற குறை எது என்று பாருங்கள். வழமையாக அது கிக்கும் பேஸும்தான். அதைத் திருத்தினால் வேறு நாலு குறை தானாக மறையும். நல்லதைச் சொல்லும்போதும் இடம் குறித்துச் சொல்லுங்கள். “சூப்பர் தம்பி” என்பதை வைத்து அவர் எதைக் காப்பாற்றுவது? “1:40இல் எல்லாம் நின்று உடுக்கு மட்டும் வருகிற இடம் நல்லாயிருக்கு” என்றால், அடுத்த மிக்ஸில் அதைத் தொடமாட்டார். எல்லோரும் இருக்கிற குழுவில் குறையைப் போடாமல் தனியே எழுதுங்கள். இதை விளக்கத் தேவையில்லை.

கருத்துச் சொல்லிவிட்டு மறந்துபோவதும் பிழைதான். அவர் திருத்தி அனுப்பினால், பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்தில் வைத்து, நீங்கள் சொன்ன இடங்களை மட்டும் முதலில் கேளுங்கள். திருந்தியிருந்தால் திருந்தியது என்று எழுதுங்கள். மோசமாகியிருந்தால், பிழை உங்கள் கருத்தில் இருந்திருக்கலாம்.

லான்ட்மாஸ்டர் ட்ராக்குக்கு நான் அப்படித்தான் எழுதவேண்டி வந்தது. பேஸைப் பழைய அளவுக்கே கொண்டுபோகச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். இந்தமுறை பொக்ஸிலும் ஹெட்ஃபோனிலும் கேட்டிருந்தேன். அதோடு, அந்தத் ‘துக்’குக்குப் பின்னால் ஒரு தகரம் ஆடுகிற மாதிரிச் சத்தம் கிடக்கிறது, வெட்டிவிடலாம் என்றும் எழுதினேன். பேஸைக் குறைத்து அனுப்பினார். தகரச் சத்தம் அப்படியே இருந்தது.

“அது மட்கார்ட் அண்ணை. அதை எடுத்தா வேற ஆற்றயோ மெசின் மாதிரிக் கிடக்கு.”

திரும்பப் போட்டுக் கேட்டேன். என்னுடைய பட்டியலில் இருந்து அதை வெட்டிவிட்டேன்.