கத்தார் வேர்ல்ட் கப் பத்திப் பேசும்போது தயவுசெஞ்சு இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

2022ல நான் தோஹாலதான் இருந்தேன். ஏசி டக்ட் வேலை, ஸ்டேடியத்துல இல்ல, வேற ஒரு கட்டடத்துல. ஊருக்கு வந்ததுல இருந்து கத்தார் வேர்ல்ட் கப்னு பேச்சு வந்தாலே எல்லாரும் என் முகத்தைத்தான் பாப்பாங்க. ஒருத்தர் ஸ்டேடியம் கட்டறப்ப மட்டும் 6,500 பேர் செத்தாங்கம்பார், இன்னொருத்தர் அதெல்லாம் வெள்ளக்காரன் கட்டிவிட்ட கதை, மூணே பேர்தாம்பார். ரெண்டுமே தப்பு. 2034 வேர்ல்ட் கப்பை சவுதிக்குக் குடுத்தாச்சு, அங்க வேலைக்கு நம்ம பக்கத்துப் பசங்க போகத்தான் போறாங்க, அதனால இந்தக் கணக்கை சரியா தெரிஞ்சு பேசுங்க.

6,500ங்கிறது 2021 பிப்ரவரியில தி கார்டியன் பத்திரிகை போட்ட கணக்கு. 2010 டிசம்பர்ல கத்தாருக்கு வேர்ல்ட் கப் கிடைச்சதுல இருந்து பத்து வருஷத்துல இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைன்னு அஞ்சு நாட்டு ஆளுங்க அங்க மொத்தம் எத்தனை பேர் இறந்தாங்கங்கிறதுதான் அது. சைட் விபத்து, ரோடு ஆக்ஸிடென்ட், வியாதி, தற்கொலை எல்லாம் சேர்த்து. இந்தியாக்காரங்க மட்டும் 2,711, இலங்கைக்காரங்க 557. கட்டட வேலைக்காரங்க மட்டும்னு இல்ல, எல்லா வேலைக்காரங்களும் இதுல உண்டு. இதை ஸ்டேடியம் சாவுன்னு சொன்னீங்கன்னா எதிர்ல இருக்கிறவர் ஒரே நிமிஷத்துல உங்களைப் பொய்யாக்கிட்டு போயிடுவார், அதோட அந்த 6,500 பேரும் பேச்சுல இருந்து காணாம போயிடுவாங்க.

மூணுங்கிற கணக்கு வேர்ல்ட் கப் கமிட்டியோடது. ஸ்டேடியம் சைட்ல வேலையாலேயே நடந்த சாவு மட்டும்தான் அதுல வரும். அதே ஸ்டேடியம் ஆளுங்கள்ல இன்னும் 37 பேரை வேலைக்கு சம்பந்தமில்லாத சாவுன்னு அவங்களே தனியா காட்டியிருக்காங்க. அப்புறம் போட்டி நடந்துட்டு இருக்கறப்பவே கமிட்டியோட ஹசன் அல் தவாதி ஒரு டிவி பேட்டியில 400ல இருந்து 500 பேர் இருக்கும்னு சொன்னார். உடனே கமிட்டி, அது 2014ல இருந்து 2020 வரைக்கும் நாடு முழுக்க எல்லாத் துறையிலும் வேலையில இறந்தவங்க கணக்கு, 414 பேர்னு விளக்கம் குடுத்துச்சு.

ஏன் இப்படி மூணு, 414, 6,500ன்னு ஆளுக்கொரு நம்பர்? எங்க ரூம்ல மேல் பெட்ல ஒருத்தர் இருந்தார், 34 வயசு, ஸ்கஃபோல்டிங், அதாவது சாரம் கட்டற வேலை. ஜூலை மாசம் ஒரு நாள் காலைல நாலு மணிக்கு அவர் போன் அலாரம் அடிச்சிட்டே இருக்கு, அணைக்க மாட்டேங்கறாரேன்னு நாங்க கீழ இருந்து திட்டிட்டே இருந்தோம், ஏறிப் பாத்தா உடம்பு சில்லுன்னு இருக்கு. பேப்பர்ல இயற்கை மரணம்னு வந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் தல சுத்துதுன்னு சொன்னவர்ங்க அவர். அதே கார்டியன் கணக்குல இந்தியாக்காரங்க சாவுல 80 சதவீதம் இயற்கை மரணம்னுதான் பதிவாகியிருக்கு, போஸ்ட்மார்ட்டம் பெரும்பாலும் கிடையாது. இயற்கைன்னு எழுதிட்டா அது வேலைச் சாவு கணக்குல வராது, நஷ்ட ஈடும் வராது. நம்பரை விட இந்த ஒரு வார்த்தையைத்தான் நீங்க பேசணும்.

கஃபாலா, அதாவது வேலைக்காரரை முதலாளியோட பிடியிலயே கட்டிவைக்கிற முறை, ஒழிஞ்சிடுச்சுன்னு சொல்றதும் தப்பு, எதுவுமே மாறலன்னு சொல்றதும் தப்பு. 2020ல என்ஓசி, அதாவது பழைய கம்பெனியோட சம்மதக் கடிதம், இல்லாம வேற கம்பெனிக்கு மாறலாம்னு சட்டம் வந்துச்சு, 2021 மார்ச்ல இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,000 ரியால். ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10ல இருந்து மூணரை வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாது. இதெல்லாம் நிஜமாவே வந்துச்சு. ஆனா நான் வேற வேலைக்கு மாறப் போனப்ப ராஜினாமா லெட்டர்ல பழைய கம்பெனி சீல் இருக்கான்னுதான் கேட்டாங்க, அதுக்கே நாலு மாசம் அலைஞ்சேன்.

ஸ்டேடியத்துக்கே 22,000 கோடி டாலர் கொட்டினாங்கன்னு சொல்லாதீங்க. எட்டு ஸ்டேடியத்துக்கு ஆனது சுமார் 650 கோடி டாலர், மிச்சமெல்லாம் மெட்ரோ, ரோடு, ஏர்போர்ட், லுசைல்னு ஒரு புது ஊரு.

ஏசி விஷயம் என் தொழில், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். திறந்த மைதானத்துல ஏசி போட்டு பாலைவனத்தையே குளுர வச்சாங்கன்னு சொல்றாங்க, அப்படி இல்ல. குளிர்ந்த காத்துக்கு கனம் ஜாஸ்தி, அது கீழயேதான் தங்கும். சீட்டுக்கு அடியில சின்னச் சின்ன கிரில், கிரவுண்டு ஓரத்துல பெரிய நாசில், அது வழியா காத்தை விட்டு, விட்ட காத்தையே திரும்ப உறிஞ்சி சில்லர் தண்ணியில குளுர வச்சு மறுபடி அனுப்பறாங்க. ஆள் இருக்கற உயரத்துக்கு மட்டும்தான் குளிர்ச்சி. இதுக்குப் பின்னாடி இருந்தது கத்தார் யுனிவர்சிட்டி பேராசிரியர் சவுத் அப்துல் கனி. எட்டு ஸ்டேடியத்துல '974'ன்னு பேர் வச்ச ஸ்டேடியத்துக்கு மட்டும் ஏசி கிடையாது, அதான் அங்க ராத்திரி மேட்ச்சா வச்சாங்க.

அடுத்தது எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாத ஒண்ணு, வாடகை ரசிகர்கள். போட்டிக்கு முன்னாடி தோஹாவுல அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்சி போட்டு நம்மாளுங்க மேளம் அடிச்சு ஊர்வலம் போனாங்க, பெரும்பாலும் மலையாளிங்க, தமிழ் ஆளுங்களும் உண்டு. ஐரோப்பாவுல அந்த வீடியோவைப் பாத்துட்டு இவங்க காசு குடுத்து கூட்டிட்டு வந்த ஆளுங்கன்னு எழுதினாங்க, அதையே நம்ம ஊர்லயும் ஷேர் பண்ணாங்க. கேரளாவுல புள்ளாவூர் ஆத்துக்குள்ள மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்அவுட் நட்டவங்களுக்கு யார் காசு குடுத்தா? எங்க கேம்ப்ல ஒரு கண்ணூர்க்காரர் வெள்ளிக்கிழமை லீவுல உக்காந்து பெட்ஷீட்ல கையாலயே வெள்ளையும் நீலமும் பெயின்ட் அடிச்சு கொடி பண்ணார், 1986ல மரடோனா கப் தூக்கினப்ப பக்கத்து வீட்டு டிவியில பாத்தவர் அவர். கத்தார் கமிட்டி டிக்கெட், ரூம் எல்லாம் குடுத்து சில வெளிநாட்டு ரசிகர்களைக் கூப்பிட்டு வந்தது உண்மைதான், அது தனி விஷயம், அதைக் கொண்டுவந்து இந்த ஆளுங்க தலையில கட்டாதீங்க.

கத்தாருக்கு ஃபுட்பால் ஆடவே தெரியாது, காசு குடுத்து போட்டியை மட்டும் வாங்கிட்டாங்கன்னும் ஒரு பேச்சு இருக்கு. வேர்ல்ட் கப்ல மோசமா ஆடினாங்க, மறுக்கல. ஈக்வடார், செனகல், நெதர்லாந்து மூணு பேர்கிட்டயும் தோத்தாங்க, நடத்தின நாடு எல்லா மேட்ச்சும் தோத்தது அதுதான் முதல் தடவை. ஆனா அதே டீம்தான் 2019 ஆசியக் கோப்பை ஃபைனல்ல ஜப்பானை 3-1ன்னு அடிச்சது, 2024 பிப்ரவரியில ஜோர்டானை அடிச்சு திரும்பவும் கப் எடுத்தது. அதே 2019 செப்டம்பர்ல தோஹாவுல நம்ம இந்தியா டீம் கத்தார்கூட 0-0 டிரா பண்ணுச்சே, குர்பிரீத் சிங் சந்து தடுத்துத் தடுத்து காப்பாத்தினாரே, அதை நாம இன்னும் பெருமையா பேசறதே அவங்க நல்ல டீம்ங்கிறதாலதானே.

சின்னச் சின்னதும் இருக்கு. ஆசியாவுல நடந்த முதல் வேர்ல்ட் கப் இது இல்ல, அது 2002 ஜப்பான்-கொரியா, கத்தார் அரபு நாடுகள்ல முதல். அதிக கோல் போட்டவருக்குக் குடுக்கற கோல்டன் பூட் மெஸ்ஸிக்கு இல்ல, 8 கோல் போட்ட எம்பாப்பேக்கு, மெஸ்ஸி வாங்கினது சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பால். கப் வாங்கும்போது அமீர் மெஸ்ஸிக்குப் போட்டுவிட்ட கறுப்புத் துணி மத உடுப்பு இல்ல, பிஷ்த்னு பேரு, ஓரத்துல தங்க ஜரிகை, மெல்லிசா இருக்கும், நம்ம ஊர்ல மரியாதைக்கு பொன்னாடை போத்தற மாதிரி.

கடைசியா, கன்டெய்னர்ல கட்டின 974 ஸ்டேடியத்தை போட்டி முடிஞ்சதும் பிரிச்சிட்டாங்கன்னு இன்னும் சொல்றாங்க. பிரிக்கப் போறோம்னுதான் சொன்னாங்க, ஆனா 2024 டிசம்பர்லகூட மெக்சிகோ கிளப் பச்சூகாவுக்கும் பிரேசில் கிளப் போட்டாஃபோகோவுக்கும் மேட்ச் அங்கதான் நடந்துச்சு.