ஒரு பிளேடு எத்தனை ஷேவிங் தாங்கும்?

இருபக்கமும் கூருள்ள சாதாரண ரேசர் பிளேடு எவ்வளவு வரும் என்பதை நாள் கணக்கில் சொல்ல முடியாது, ஷேவிங் கணக்கில்தான் சொல்ல வேண்டும். தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ ஷேவ் செய்கிற நடுத்தரத் தாடிக்கு 5 முதல் 7 தடவை. முரட்டு முடிக்கு 3 அல்லது 4. ஒரு வாரத் தாடியை அப்படியே மழிப்பவருக்கு 2 தடவை வந்தாலே அதிகம். மொட்டைத் தலையை மழித்த பிளேடை அன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

பிளேடு மழுங்கக் காரணம் துரு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கார்பன் எஃகு பிளேடுக்கு அது சரி, ஈரத்தோடு ஓர் இரவு கிடந்தாலே பழுப்பேறிவிடும். ஆனால் 1960களில் இருந்து பரவிய ஸ்டெயின்லெஸ் பிளேடில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் விளிம்புக்கு மேல் உலோகப் பூச்சும், அதற்கு மேல் வழுக்கலுக்காக டெஃப்லான் வகைப் பூச்சும் உண்டு. உறையில் ஸ்டெயின்லெஸ் என்றோ பிளாட்டினம் என்றோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்படியானால் அதைக் கெடுப்பது எது? முடிதான். எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது, ஆனாலும் தோற்கிறது. ஏன் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 2020-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து உருண்டு போவதைவிட, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்து போவதுதான் முக்கியக் காரணம். வெட்டுப்படும்போது முடி வளைகிறது, பிளேடு சாய்வாக அதில் மாட்டுகிறது, விளிம்பு பக்கவாட்டில் அழுத்தம் வாங்குகிறது. எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த அழுத்தம் விழுந்தால் சில்லு தெறிக்கிறது. பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர், முரட்டுத் தாடி முடி ஒன்றின் கனமும் கிட்டத்தட்ட அதுவே என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை.

ஆக, பிளேடின் ஆயுள் பெரும்பாலும் அது முகத்தில் படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. காய்ந்த முடி வெட்டுக்குக் கடுமையாக எதிர்க்கும், தண்ணீர் குடித்த முடி நன்றாக இளகும். இளக இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், முகத்தைச் சும்மா நனைத்துவிட்டு நுரை போட்டால் போதாது. முதலில் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுங்கள், பசை இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கத் தாமதமாகும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் நன்றாக நனைத்து, பிரஷ்ஷால் ஒரு நிமிடமாவது சுழற்றி நுரையேற்றுங்கள். குளித்த கையோடு ஷேவ் செய்வது எல்லாவற்றிலும் சுலபம். பாதியில் நுரை காய்ந்தால் மறுபடி பூசுங்கள். நுரை இல்லாத இடத்தில் பிளேடை ஓட்டவே கூடாது.

போர் தண்ணீர் வருகிற வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, பிளேடிலும் ரேசர் தலையிலும் வெள்ளைப் படிவாக ஒட்டும். நுரை மெலிந்தால் வழுக்கல் போகும், பிளேடு இழுக்கும், பழி பிளேடு மேல் விழும். நுரை போடுவதற்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். ரேசர் தலையில் படிந்ததை, பிளேடைக் கழற்றிவிட்டு வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்தால் போதும். எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட வேண்டாம், புளிப்பு மேல்முலாமை அரிக்கும். ஷேவ் முடிந்து படிகாரம் தேய்த்த கையோடு ரேசரை எடுத்து வைப்பதும் அதே மாதிரிதான். முதலில் கையைக் கழுவுங்கள்.

மாட்டும்போது

பிளேடின் குறுகிய இரண்டு ஓரங்களைப் பிடித்து மாட்டுங்கள். கூர்முனையில் விரலோ அடித்தகட்டின் உலோகமோ உரசினால் முதல் ஷேவிங்குக்கு முன்பே முனை கெட்டுவிடும். மூடித் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகுங்கள். பிறகு ரேசரைக் கண்ணுக்கு நேரே நிமிர்த்திப் பாருங்கள்: இருபுறமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெட்டிக் காயப்படுத்தும், மறுபக்கம் மழிக்காது. அது கெட்ட பிளேடு என்று எண்ணித் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக வைத்து, மெல்லக் கீழே இறக்குங்கள். முடி வெட்டுப்படுகிற சரசரப்பு கேட்கத் தொடங்கும் இடம்தான் சரியான சாய்வு, தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 பாகை. அழுத்தாதீர்கள். உலோக ரேசரின் எடையே போதும். அழுத்தம் கூடினால் பிளேடு தோலில் புதைந்து, முடியை வளைத்துப் பக்கவாட்டில் பாரம் வாங்கும். இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பாதிப் பிளேடு வீண். முடி நீண்டிருந்தால் முதலில் டிரிம்மராலோ கத்தரியாலோ குறைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஓடும் தண்ணீரில் காட்டி, உள்ளே சிக்கிய நுரையையும் முடியையும் வெளியேற்றுங்கள். நாலு உதறு உதறி, திறந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். டவலால் பிளேடைத் துடைப்பது மிகக் கெட்ட பழக்கம்: நூல் முனையில் மாட்டும், பூச்சு உரியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளிப்புள்ளியாக அரிப்பை உண்டாக்கும், அங்கே ரேசரைக் குளியலறைக்கு வெளியே வைப்பது நல்லது. வாரம் ஒரு தடவைதான் ஷேவ் என்றால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒருமுறை முக்கி எடுங்கள், தண்ணீரை விரட்டிவிட்டு ஆவியாகிவிடும். காய்ந்து கிடக்கிற பிளேடு நாள் போகப் போக மழுங்குவதில்லை. உறை பிரிக்காதது ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தீட்டும் பழக்கம் கார்பன் எஃகு காலத்தோடு போகட்டும். பூச்சுள்ள பிளேடில் அது பூச்சைத்தான் தேய்க்கும்.

உங்கள் கணக்கைக் கண்டுபிடிக்க, ஒரே பிராண்டில் மூன்று பிளேடு எடுங்கள். மாட்டிய தேதியை உறையில் எழுதி, ஒவ்வொரு ஷேவிங்குக்கும் ஒரு கோடு போடுங்கள். மோவாயிலோ மேலுதட்டிலோ முதல் இழுப்பிலேயே முடியைப் பிடுங்குவது போலத் தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். முரட்டு முடி அங்கேதான் இருக்கிறது, கன்னத்தை நம்பாதீர்கள், அங்கே மழுங்கின பிளேடும் ஓடும். மூன்றில் எது குறைவோ, அதில் ஒன்றைக் கழித்தால் உங்கள் எண். சில பிளேடுகள் முதல் தடவை சற்று முரடாக இருந்து இரண்டாவதில் மென்மையாகும், அதனால் முதல் நாளே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புதுப் பிளேடு போட்ட பிறகும் எரிச்சலும் சிவந்த புள்ளிகளும் வந்தால், கோளாறு சாய்விலோ அழுத்தத்திலோ இருக்கிறது.

சிக்கனம் பார்த்து இழுபடும் பிளேடை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். சாதாரண பிளேடு ஒரு டீயைவிட மலிவு, ஒரே இடத்தை நாலு தடவை ஓட்டிப் புண்ணாக்கிக்கொள்கிற தோல் அப்படி இல்லை. ஒருவர் போட்ட பிளேடை இன்னொருவர் போடவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலிருந்தும் ஹெபடைடிஸ் பி, சி தொற்றலாம். சலூனில் பிளேடை உங்கள் கண்ணெதிரே உடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

கழற்றியதைக் குப்பைக் கூடையில் அப்படியே போட்டால் குப்பை பிரிக்கிறவரின் கை கிழியும். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்ட தகர டப்பா ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியதும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.