பகல் நீள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது செய்யக் கூடாதவை

அறிவியல் முகாம்களில் பல்பும் குளோபும் வைத்துப் பகல், இரவு பாடம் நடத்துகிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் தடுக்கிய அதே இடங்களில்தான் புதிதாக வரும் தன்னார்வலர்களும் தடுக்குகிறார்கள். குளோபைத் தலைகீழாகப் பிடிப்பது, எதிர்த்திசையில் சுழற்றுவது எல்லாம் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

அச்சை விளக்கின் பக்கமே சாய்த்தபடி நடப்பது

இதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நடுவில் பல்பு, கையில் 23.4 டிகிரி சாய்ந்த குளோப். சூரியனாக வைத்த அந்தப் பல்பைச் சுற்றி நடப்பவர் உடம்பைத் திருப்பத் திருப்ப குளோபும் கூடவே திரும்புகிறது. வட துருவம் சுற்று முழுக்க விளக்கையே பார்க்கிறது. வட துருவம் சூரியன் பக்கம் சாய்ந்திருப்பது ஜூனில். அப்படியென்றால் ஆண்டு முழுவதும் ஜூன்தான். ஒரு முகாமில் ஒரு சிறுமி கேட்டேவிட்டாள்: "அப்ப டிசம்பர் எப்ப சார் வரும்?" நடத்தியவர் பாதிச் சுற்றில் நின்று, குளோபைக் கையால் எதிர்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். பூமி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையாட்டுகிறது என்று அத்தனை பிள்ளைகளும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதை இனி யார் போய்த் திருத்துவது?

அச்சு ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கிறது. (அந்தத் திசையும் மாறத்தான் செய்கிறது, ஆனால் ஒரு வட்டம் முடிய சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும்.) ஆகவே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். எங்கே நின்றாலும் அச்சு அந்தச் சுவர்ப்பக்கமே சாய்ந்திருக்கட்டும். ஒரு பக்கத்தில் வட துருவம் விளக்கை நோக்கும். எதிர்ப்பக்கம் போனதும் அதே சாய்வில் விளக்கை விட்டு விலகியிருக்கும்.

அப்புறம், ஓர் அட்சரேகை மேல் நூல் ஒட்டுங்கள். பூமி ஒருமுறை சுழலும்போது ஓர் ஊர் அந்த நூல் வழியே போகிறது. நூலில் வெளிச்சம் விழும் பங்குதான் அந்த ஊரின் பகல். நிலநடுக்கோட்டில் அது எப்போதும் சரிபாதி. ஜூனில் சென்னையின் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், லண்டனில் 16 மணி 40 நிமிடம். நார்வேயின் டிராம்சோவில் நூல் முழுவதும் வெளிச்சத்தில் கிடக்கும். சூரியன் மறைவதே இல்லை. டிசம்பரில் சென்னைக்கு 11 மணி 20 நிமிடம், லண்டனுக்கு 8 மணிக்கும் குறைவு, டிராம்சோவில் உதயமே கிடையாது.

தூரத்தைக் காரணம் சொல்வது

சூரியன் அருகில் வருவதால்தான் பகல் நீள்கிறது என்பார்கள். ஆனால் சூரியனுக்கு நாம் மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நமக்குப் பகல் குறுகியிருக்கும்போது. அவ்வளவுதான்.

மார்ச் 21 அன்று சரியாக 12 மணி நேரப் பகல் என்பது

சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தாலே உதயம் என்று கணக்கிடுகிறோம். காற்றுமண்டலமும் ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது. ஆகவே சில நிமிடங்கள் கூடுதல்.

சீக்கிரம் இருட்டும் நாளே மிகக் குறுகிய பகல் என்பது

சென்னையில் மிகச் சீக்கிரம் சூரியன் மறைவது நவம்பர் பின்பாதியில், மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பின்பாதியில். மிகக் குறுகிய பகலோ டிசம்பர் 21 அல்லது 22. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரக் கணக்கில் நாளுக்கு நாள் நகர்வதால் இப்படி. பிள்ளைகளிடம் உதயம், அஸ்தமனம் இரண்டையும் குறித்துவரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தவறான நாள்தான் கிடைக்கும்.